படம் முடிந்த பிறகு: அனிமேஷன் படங்களைக் குறித்துப் பிள்ளைகளோடு பேசும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு

என் மகளுக்கு எட்டு வயதும் மகனுக்கு ஐந்து வயதும் ஆகியிருந்தபோது, இனி இவர்கள் பார்க்கும் அனிமேஷன் படங்களை விசுவாசத்தோடு இணைத்துப் பேசிவிட வேண்டும் என்று தீர்மானித்து, ஒரு சனிக்கிழமை மாலை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரப் படத்தைப் பதினொரு முறை நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் ஒரு வசனமும் ஒரு சிறு பிரசங்கமும் சொன்னேன். ஏழாவது முறை நிறுத்தியபோது தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்த மகன் திரும்பி வரவேயில்லை. மகள் மட்டும் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தாள். படத்தையும் கெடுத்தேன், வசனத்தையும் வீணாக்கினேன் என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

அதன் பிறகு இந்தக் காரியத்தில் நான் வழிகாட்டியாக எடுத்துக்கொண்டவர் நாத்தான் தீர்க்கதரிசி. 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் அவர் தாவீது ராஜாவினிடத்தில் போகிறார். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் கொல்லுவித்த ராஜாவின் குற்றம் அவருக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு ஐசுவரியவானையும் ஒரு தரித்திரனையும், அந்தத் தரித்திரனின் வாயில் வைக்கும் துண்டைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்திருந்த ஒரே ஆட்டுக்குட்டியையும் பற்றிக் கதை சொல்கிறார். ஐசுவரியவான் அந்தக் குட்டியைப் பிடித்துச் சமையல்பண்ணுவித்தான் என்று கேட்ட தாவீது தானாகவே கோபங்கொள்கிறார், தீர்ப்பும் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை வருகிறது. பெற்றோராகிய நாம் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஆட்டுக்குட்டி மடியில் ஏறுவதற்கு முன்பே "நீயே அந்த மனுஷன்" என்று தொடங்கிவிடுகிறோம். கதை தன் வேலையைச் செய்ய இடங்கொடுப்பது, பிள்ளை முதலில் பேசும்வரை காத்திருப்பது, இவ்விரண்டும்தான் கீழே நான் எழுதியிருப்பவற்றின் சாரம்.

பார்ப்பதற்கு முன்

முடிந்தவரை படத்தை நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். முழுவதும் பார்க்க நேரமில்லையென்றால் கடைசி அரைமணி நேரத்தையாவது பாருங்கள். ஒரு படம் எதை நம்புகிறது என்பது அதன் முடிவில்தான் வெளிப்படும். தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். இந்தியாவில் 2024 முதல் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 ஆகிய வயதுகளின்படி மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பது பெற்றோருக்கு உதவியானதுதான். ஆனால் அந்த எண் அடிதடி, பயங்கரக் காட்சி, தகாத பேச்சு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துச் சொல்லப்படுவது. படத்தின் கருத்து உங்கள் வீட்டின் விசுவாசத்தோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே உரசுகிறது என்பதை அது சொல்லாது. அது பெற்றோரின் வேலை.

பார்க்கும்போது பேசாதிருங்கள். சின்னப் பிள்ளை பயந்தால் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லுங்கள், அவ்வளவு போதும். படத்தைப் பார்ப்பதோடு பிள்ளையின் முகத்தையும் பாருங்கள். எந்த இடத்தில் அவன் தலையணையைக் கட்டிக்கொள்கிறான், எந்த இடத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யாரும் பார்க்கவில்லை என்பதுபோல இருக்கிறாள் என்பதைக் கவனித்து வைத்துக்கொண்டால், மறுநாள் பேச்சை எங்கே தொடங்குவது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எப்போது, எப்படிக் கேட்பது

படம் முடிந்து எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேள்வியைத் தொடங்க வேண்டாம். உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசச் சொல்கிறது; அந்த நான்கில் எனக்கு அதிகம் பலன் தந்தது வழியில் நடக்கிறபோதுதான். பிள்ளைகள் முகத்துக்கு நேரே கேட்டால் பதில் தயாரிப்பார்கள். பக்கத்தில் நடந்தபடியோ, பூண்டு உரித்தபடியோ, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடியோ பேசும்போது நினைத்ததைச் சொல்வார்கள். இரவுக் குடும்ப ஜெபத்தில் இந்தப் பேச்சைத் திணிப்பதை நான் விரும்புவதில்லை. அங்கே கொண்டுவந்தால் பிள்ளைகள் அதைப் பாடமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சு ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தால், அதிலிருந்து எழுந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் ஜெபத்தில் சேர்க்கலாம்.

"இந்தப் படத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் பல வருடங்கள் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் மூன்றே மூன்று: கீழ்ப்படிய வேண்டும், பொய் சொல்லக் கூடாது, இயேசு சுவாமி. மூன்றும் சரியான பதில்கள், ஆனால் படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அதைவிட, கதையின் உள்ளேயிருந்து எழும் கேள்விகள் நல்லவை. யாரைப் பார்க்கும்போது பாவமாக இருந்தது? நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் எந்த நேரத்தில் நிறுத்தியிருப்பாய்? அவனுக்கு எது வேண்டுமென்று நினைத்தான், கடைசியில் எது கிடைத்தது? யாராவது மன்னிப்புக் கேட்டார்களா, கேட்க வேண்டியவர் கேட்காமல் விட்டாரா? ஒரு படத்துக்கு ஒரு கேள்வி போதும். இரண்டாவது கேள்வி பிள்ளையிடமிருந்து வரட்டும்.

வேதத்திலிருந்து எடுக்கப்பட்ட படம்

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, 1998இல் ட்ரீம்வொர்க்ஸ் வெளியிட்ட 'த பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படம். யாத்திராகமத்தின் கதை (திருவிவிலியம் வாசிக்கும் வீடுகளில் விடுதலைப் பயணம்) நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், பேச்சைத் தொடங்குவது எளிது. கதையில் சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளதாகவும், மூலக்கதை யாத்திராகமத்தில் இருப்பதாகவும் படமே தொடக்கத்தில் எழுத்தில் அறிவிக்கிறது. அந்த நேர்மையை நாம் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

படம் பார்த்த மறுநாள், யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தின் முதல் பதினைந்து வசனங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, வாரப் பத்திரிகைகளில் வருகிற 'ஆறு வித்தியாசங்கள்' போலக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குழந்தையை நதியிலிருந்து எடுப்பவர் வேதத்தில் பார்வோனின் குமாரத்தி, படத்தில் பார்வோனின் மனைவி. வேதத்தில் மோசேயின் சொந்தத் தாயே சம்பளம் பெற்றுக்கொண்டு அவரைப் பாலூட்டி வளர்க்கிறாள். படத்தில் அவர் தன் பிறப்பைப் பற்றி எதுவும் தெரியாதவராக வளர்ந்து, ஒருநாள் அதை அறிந்து அதிர்ச்சியடைகிறார். பார்வோனின் மகனும் பின்னாளில் பார்வோனாகிறவனுமான ராம்சேஸும் மோசேயும் அண்ணன் தம்பியாக ரதம் ஓட்டி விளையாடுவதெல்லாம் படத்தின் கற்பனை.

இந்த விளையாட்டில் என் மகள் ஒரு வித்தியாசத்தைப் பிடித்தாள். படத்தில் மோசே, ஒரு முதியவரைச் சவுக்கால் அடிக்கும் காவலனைத் தடுக்கப் பாய்கிறார். காவலன் உயரத்திலிருந்து தவறி விழுந்து இறக்கிறான். வேதத்தில் மோசே அங்கும் இங்கும் பார்த்து, ஒருவரும் இல்லையென்று அறிந்துகொண்டு எகிப்தியனைக் கொன்று மணலில் புதைக்கிறார். "அப்பா, படத்துல தெரியாம நடந்துடுது. பைபிள்ல சுத்திப் பாத்துட்டுல்ல செய்றாரு" என்றாள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்புறம் ஏன் ஆண்டவர் அவரையே கூப்பிட்டாரு?" என்று கேட்டாள். படம் தன் நாயகனைக் கறையில்லாதவனாகக் காட்ட விரும்புகிறது. வேதம் அப்படி யாரையும் பூசி மெழுகுவதில்லை. ஆபிரகாம் பொய் சொன்னதும், பேதுரு மறுதலித்ததும், தாவீது செய்ததும் எல்லாம் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. இதை நான் பிரசங்கமாகச் சொல்லியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள். தானே கண்டுபிடித்ததால் ஒரு வாரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தப் படத்தில் இன்னொரு இடம் பெற்றோருக்குக் கடினமானது. தலைப்பிள்ளைகள் சாகும் இரவைப் பார்த்த எந்தப் பிள்ளையும், "எகிப்துப் பிள்ளைங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்று கேட்கும். கேட்காவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும். இதற்கு அவசரமான பதில் எதுவும் சொல்லாதீர்கள். எபிரெயரின் ஆண்பிள்ளைகளை நதியில் போடும்படி பார்வோன் கட்டளையிட்டதை யாத்திராகமம் 1:22 சொல்கிறது என்பதையும், மோசே பலமுறை எச்சரித்ததையும் நினைவுபடுத்தலாம்; ஆனால் அது பிள்ளையின் கேள்வியை முழுவதும் தீர்த்துவிடாது என்பதை நீங்களும் அறிவீர்கள், பிள்ளையும் அறியும். படத்தில், இறந்த மகனைக் கிடத்திவிட்டு நிற்கும் ராம்சேஸை விட்டு வெளியே வந்த மோசே தனியாக நொறுங்கி அழுகிறார். யூதக் குடும்பங்களில் பஸ்கா இரவு விருந்தின்போது பத்து வாதைகளின் பெயர்களையும் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சரசத்தை எடுத்துவிடும் வழக்கம் உண்டு. எகிப்தியர் பட்ட துன்பத்தை நினைத்துத் தங்கள் மகிழ்ச்சிக் கிண்ணத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். விடுதலை பெற்றவர்களே அந்த இரவைக் குறித்து இவ்வாறு துக்கப்படுகிறார்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி, "எனக்கும் இந்த இடம் கஷ்டமாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டேன். அப்பாவுக்குத் தெரியாத பதில் ஒன்று இருக்கிறது என்பதால் என் மகளின் விசுவாசம் ஆட்டங்காணவில்லை. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைச் சில வருடம் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

வேதப் பெயர் இல்லாத படங்கள்

வேதக் கதைப் படங்களைவிட, வேதத்தின் பெயரே எடுக்காத படங்களில்தான் சில வேளைகளில் பேச்சு ஆழமாகப் போகிறது. 2015இல் வந்த 'இன்சைட் அவுட்' படத்தில், ஊர் மாறிவந்த பதினொரு வயதுச் சிறுமியின் மனத்துக்குள் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு ஆகியவை பாத்திரங்களாக நடமாடுகின்றன. அதில் ஒரு காட்சி: அவளுடைய பழைய கற்பனைத் தோழன் தன் வண்டியை இழந்து உட்கார்ந்துவிடுகிறான். மகிழ்ச்சி அவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டியும் வேடிக்கை காட்டியும் எழுப்பப் பார்க்கிறாள், அவன் அசையவில்லை. சோகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இழந்ததைப் பற்றிக் கேட்கிறாள். அவன் அழுது முடித்து, தானாகவே எழுந்து நடக்கிறான்.

இதைப் பார்த்தபோது எனக்கு யோபுவின் மூன்று நண்பர்கள் நினைவுக்கு வந்தார்கள். யோபு 2:13இன்படி அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான், வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. நம் வீடுகளில் அழுகிற பிள்ளையிடம் "அழாத, ஸ்தோத்திரம் சொல்லு" என்று சொல்லிவிடும் பழக்கம் உண்டு. கர்த்தாவே, எதுவரைக்கும் என்று முறையிடும் 13ஆம் சங்கீதத்தையும், லாசருவின் கல்லறையண்டையில் இயேசு கண்ணீர் விட்டதையும் வைத்துக்கொண்டிருக்கும் நாம், பிள்ளையின் அழுகைக்கு ஏன் அவ்வளவு அவசரப்படுகிறோம்? இந்தப் படத்தைப் பார்த்தபின் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி, "நீ அழும்போது நாங்க இந்த ரெண்டு பேர்ல யார் மாதிரி இருக்கோம்?" என்பது. பதிலைத் தாங்கிக்கொள்ளும் தைரியம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

2013இன் 'ஃப்ரோஸன்' படத்தைப் பற்றிப் பேசுவதானால், பாட்டு எங்கே வருகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். எதையும் உறையவைக்கும் சக்தியுள்ள ராணி எல்சா எல்லாக் கட்டுப்பாட்டையும் உதறிவிட்டதாகப் பாடும் அந்தப் புகழ்பெற்ற பாடலைப் படத்தின் முடிவு என்றே பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கதையின் முற்பகுதியிலேயே வந்துவிடுகிறது. அவள் மலையுச்சியில் சுதந்திரமாகப் பாடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், கீழே அவளுடைய நாடு அவளால் உறைந்துபோய்க் கிடக்கிறது. மனம் சொல்வதைக் கேட்டுப் போ என்று அந்தப் பாடல் சொல்வதை இருதயமே திருக்குள்ளது என்கிற எரேமியா 17:9ஐ எடுத்து உடனே அடித்து நொறுக்குவது சுலபம். ஆனால் படத்தின் முடிவே அந்தப் பாடலுக்குப் பதில் சொல்லிவிடுகிறது. தங்கை ஆனா, தான் பிழைத்துக்கொள்ளும் வழி கண்ணெதிரே இருந்தும், அக்காவின்மேல் இறங்கும் வாளுக்குக் குறுக்கே போய் நிற்கிறாள். "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை" என்ற யோவான் 15:13ஐ மனப்பாட வசனமாக ஏற்கெனவே படித்த பிள்ளைக்கு, நாம் எதுவும் சொல்லாமலே அந்த இடம் புரியும்.

'கோகோ' (2017) நம் பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட நெருக்கமான படம். மெக்சிகோவில் நவம்பர் முதல் இரண்டு நாள்களில் இறந்தோரை நினைவுகூரும் திருநாள்தான் அதன் களம். நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைத் திருநாள் என்று நவம்பர் 2ஆம் தேதி கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிற அதே நாள். படத்தில் இறந்தோரின் உலகத்துக்குப் பாலமாக விரிந்து கிடக்கும் ஆரஞ்சுப் பூ, நம் ஊர் மாலைகளில் தொடுக்கிற செண்டுமல்லிதான். அந்தப் பூவின் பூர்விகமே மெக்சிகோ. இவ்வளவு பழகிய இடமாக இருப்பதால், படம் சொல்லும் ஒரு கருத்து பிள்ளைகளை உலுக்கிவிடுகிறது: உயிரோடிருப்பவர்களில் கடைசி ஆளும் மறந்துவிட்டால், இறந்தவர் அந்த உலகத்திலிருந்தும் மறைந்துபோவார். "நான் மறந்துட்டா தாத்தா இல்லாமலே போயிடுவாரா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். தாயே தன் பாலகனை மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்கிற ஏசாயா 49:15ஐ அந்த நேரத்தில் வாசியுங்கள். தாத்தாவைக் காப்பாற்றும் பாரம் ஆறு வயதுப் பிள்ளையின் ஞாபகத்தின்மேல் இல்லை என்று சொல்லுங்கள். மரித்தோருக்காக ஜெபிப்பதைக் குறித்துச் சபைக்குச் சபை போதனை வேறுபடுகிறது. உங்கள் சபை போதிப்பதைச் சொல்லுங்கள், மற்றச் சபையைப் பழிக்காமல்.

மந்திரமும் மற்றவர் விசுவாசமும்

மந்திரம் வரும் படங்களைக் குறித்து வீட்டுக்கு வீடு கருத்து மாறும். ஒரே வீட்டுக்குள் பாட்டிக்கும் அம்மாவுக்குமே மாறும். இதில் ரோமர் 14ஆம் அதிகாரத்தின்படி, ஒருவர் மனச்சாட்சியை மற்றவர் அற்பமாக எண்ணாமலிருப்பதே நல்லது. பெரியவர்களுக்கு வருத்தமுண்டாக்கும் படத்தை அவர்கள் எதிரே போட்டுவிட்டு, பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கற்பிக்க முடியாது. பார்க்கலாம் என்று முடிவுசெய்த வீட்டில் பிள்ளையிடம் கேட்கத்தக்க கேள்வி: அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது, அதற்காக யார் விலை கொடுத்தார்கள்?

2025இல் தமிழிலும் வெளியான 'மகாவதார் நரசிம்மா' போன்ற ஒரு படத்தை வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டு வந்து பேசும்போது, நம் பிள்ளை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும். போக விடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் பிரகலாதன் கதை பக்கத்து வீட்டு நண்பனுக்குப் பரிசுத்தமானது என்பதையும், அதைக் கேலி பேசும் உரிமை நமக்கு இல்லை என்பதையும், நாம் ஆராதிப்பது யாரை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

பிள்ளை எதுவும் பேசாவிட்டால்

பல நாள்களில் "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விட்டுவிடுங்கள். தண்ணீர் குடிக்கப் போன என் மகன், 'த லயன் கிங்' பார்த்த பிறகும் அப்படித்தான் இருந்தான். அந்தப் படத்தில் பேச எனக்கு எவ்வளவோ இருந்தது. சிங்கக்குட்டி சிம்பாவுக்கு அதில் இரண்டு குற்றவுணர்வுகள். யானைகளின் கல்லறைக்குப் போகாதே என்று தகப்பன் சொல்லியும் போனது உண்மையான குற்றம். தகப்பன் முபாசா அவனைத் தனியே அழைத்துக் கண்டித்து, அன்றிரவே அவனோடு புல்லில் புரண்டு விளையாடிவிடுகிறார். பள்ளத்தாக்கில் தகப்பன் இறந்ததோ அவன் செய்ததல்ல. ஆனால் சித்தப்பன் ஸ்கார் அதை அவன் தலையில் கட்டி, ஓடிப்போய்விடு என்கிறான். கண்டித்துச் சேர்த்துக்கொள்ளும் குரலையும், குற்றஞ்சாட்டித் துரத்தும் குரலையும் பிள்ளைகளுக்கு வேறுபடுத்திக் காட்ட இதைவிட நல்ல கதை கிடைப்பது அரிது. எல்லாவற்றையும் மனதுக்குள் அடக்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருந்தேன்.

ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, ஒருநாள் இரவு மின்சாரம் போய், மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது அவனாகவே கேட்டான்: "அப்பா, அந்தச் சிங்கக்குட்டி ஓடிப்போகாம அவங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லிருக்கலாம்ல?"

"ஆமா, சொல்லிருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, அக்காவின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்து உடைத்துவிட்டு, பீரோவுக்குப் பின்னால் போட்டிருந்த காம்பஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.